ஸ்மோக்வா தொட்டியில் ஒரு சுத்தமான கொலை

அத்தியாயம் 9

"செத்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டான் பாஷ்கோ.

"கோடிக்கணக்குல," என்றாள் விங்கா.

"அடையாளம் காட்ட சொந்தக்காரங்க யாராவது வந்தாங்களா?"

யெர்கா மத்தூலிச் திரும்பி அவனைப் பார்த்தாள். ஸ்ப்ளிட் நகரத்தில் அவள் நடத்திய துப்பறியும் அலுவலகத்துக்கு பாஷ்கோ ஒருவன்தான் உதவியாளன். வாயை மூடு என்று சொல்லும் பார்வை அது. மூன்று வருடமாக அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் நின்றது ஸ்மோக்வா ஊரின் கழிவுநீர்த் தொட்டிக்கு மேலே போட்டிருந்த இரும்பு நடைபாதையில். நாற்பது வீடுகளின் சமையலறை, குளியலறை, கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக இங்கேதான் வந்தாக வேண்டும். அடியிலிருந்து காற்று ஊதப்பட, தொட்டி பழுப்பு நிறத்தில் மெல்லக் கொதிப்பது போலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பழுப்புதான் உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று கொழுத்து அடியில் படியும். மேலே தெளியும் நீர் நாணல் பாத்திக்குள் ஊறி, விரிகுடாவில் சேரும். விங்காதான் அந்த நிலையத்தின் பொறியாளர், இயக்குபவர், கூட்டுபவர் எல்லாம்.

"இப்ப நல்லா இருக்கு. மோந்து பாருங்க," என்றாள்.

யெர்கா குனிந்து முகர்ந்தாள். மழை நின்ற தோட்டத்து மண் வாசனை வந்தது. பாஷ்கோ மறுத்துவிட்டான்.

"நான் ஃபோட்டோ எடுத்துட்டுப் போய் வீட்ல மோந்துக்கறேன்."

"ஸ்ப்ளிட்லருந்து அரசாங்க ஆபீசர் தண்ணிய சோதிக்க வர்ற அன்னைக்கு மட்டும் சாம்பல் நிறமாயிடும்," என்றாள் விங்கா. "மேல வெள்ளை நுரை. மூணு தடவை வந்தாரு. மூணு தடவையும் அவருக்குக் காட்ட என்கிட்ட பொணம்தான் இருந்துச்சு."

"கொன்னது எது?" என்றாள் யெர்கா.

"ப்ளீச்சிங் திரவம். அதுல சந்தேகமே இல்ல, நான் சோதிச்சுப் பாத்துட்டேன். கொஞ்சநஞ்சம் இல்ல, யாரோ ஒரு பீப்பா கொட்டியிருக்கணும்." அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். "நாலாவது தடவையும் இப்படின்னா நிலையத்தை மூடிடுவாங்க. விரிகுடாவுல யாரும் குளிக்கக் கூடாதுன்னு பலகை வந்துடும். எனக்கு லைசென்ஸ் போயிடும், கவனக்குறைவுன்னு கேஸும் வரும். கொட்டினவன் பேரைச் சொல்லு, இல்லன்னா நீதான்னு சொல்லிட்டுப் போயிருக்காரு ஆபீசர் ஸெலிச்."

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"ஜூரே. செப்டிக் டேங்க் அள்ளுற லாரிக்காரர். குழாய் வந்ததும் அவர் பொழைப்பு போச்சு."

யெர்கா யோசித்தாள். காரணம் சரியாகப் பொருந்தியது. சரியாகப் பொருந்தும் எதையும் அவளால் நம்ப முடிந்ததில்லை. அதுவே தன் குறையோ என்ற சந்தேகமும் அவளுக்கு உண்டு.

"ஆபீசர் என்னைக்கு வர்றாருன்னு ஜூரேவுக்கு எப்படித் தெரியும்?"

விங்கா தலையை ஆட்டினாள்.

"யாருக்குமே தெரியாது. எனக்கே தெரியாது. திடீர் சோதனை அது. கப்பல்லருந்து எறங்கினப்புறம்தான் நானே அவரைப் பாப்பேன்."

"ஆனா கொட்டினவருக்கு முந்தின நாளே தெரிஞ்சிருக்கு. மூணு தடவையும்," என்றாள் யெர்கா. "நாம கொலைகாரனைத் தேட வேண்டாம். தேதி சொன்னவனைத் தேடுவோம்."

சொன்னதும், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. சொல்லியாகிவிட்டது. படியிறங்கினாள்.

*

துறைமுகத்துக்கு இறங்கும் கல் பாதையில் பாஷ்கோ தன் காலை நேர விசாரணையை ஒப்பித்தான்.

"ஊர்ல இருக்கறது ஒரே கடை. கடைக்காரம்மாகிட்ட பீப்பா கணக்குல ப்ளீச்சிங் வாங்கினது யாருன்னு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. அப்படி யாரும் வாங்கல பாஸ். எல்லாரும் ஆளுக்கு ரெண்டு பாட்டில். நல்ல குடும்பத்துப் பொம்பளைங்க."

"ஜூரே?"

"அவர் லாரியைப் பாத்தேன். சைலன்சர் இல்ல. ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாரு. பக்கத்து வீட்டு ஆடு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. அந்த லாரியில ரகசியமா வந்து பீப்பாவ கவுத்தணும்னா, மொதல்ல ஊர்ல எல்லாரையும் செவிடாக்கணும்."

"கையில தூக்கிட்டு வந்திருக்கலாமே."

"ஆளைப் பாத்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. இடுப்புல பெல்ட். பூனையைக் கூட அவர் தூக்கறதில்ல. பூனைதான் அவர் மேல ஏறணும்."

யெர்கா ஜூரேவை மனதுக்குள் ஓரமாக வைத்தாள். முழுதாகத் தூக்கிப்போடவில்லை. எதையும் முழுதாகத் தூக்கிப்போடுவது அவள் பழக்கமில்லை. அவளுடைய அலுவலக அலமாரியைப் பார்த்தாலே அது தெரியும்.

கோடை விருந்தாளிகள் கிளம்பிப் போய்விட்ட செப்டம்பர் கடைசி. துறைமுகத்தில் திறந்திருந்தது ஷிமேயின் சாப்பாட்டுக்கடை மட்டும். ஷிமே பெரிய மீசையும் அதைவிடப் பெரிய வயிறுமாகக் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கல் தொட்டியில், உறைபனிப் பெட்டியிலிருந்து எடுத்த ஆக்டோபஸ் ஒன்று தண்ணீரில் கிடந்து இளகிக்கொண்டிருந்தது. நல்ல பருமன்.

பாஷ்கோவின் கண் அங்கேயே போய் நின்றது.

"அண்ணே, அது இருக்கா?"

"இருக்கு. உனக்கு இல்ல."

"ஏண்ணே?"

"அது நாளைக்கு மத்தியானத்துக்கு, தம்பி. பேக்கா போடறதுக்கு. இரும்பு மூடியைக் கவுத்து மேல தணல் அள்ளிப் போட்டு மணிக்கணக்கா வேகணும். முந்தின நாளே சொல்லி வச்சாத்தான் உண்டு. உனக்கு மத்தி மீன் பொரிச்சுத் தரேன், உக்காரு."

மத்தி வந்தது. யெர்கா ஒரு மீனின் முள்ளைப் பிரித்தபடி, சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"அவ்வளவு பெருசு, எத்தனை பேருக்கு?"

"நாலு பேர் சாப்பாடு அம்மணி. அதுக்குக் கொறஞ்சு பேக்கா போட முடியாது."

"நாலு பேர் வர்றாங்களா?"

"ஒருத்தர்தான் வர்றாரு."

"மிச்சத்த என்ன பண்ணுவாரு?"

"மிச்சமா?" என்றார் ஷிமே. அந்தச் சொல்லை முதல் முறையாகக் கேட்பவர் போல இருந்தது அவர் முகம்.

பாஷ்கோ மீனை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினான். யெர்கா முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஸ்ப்ளிட்லருந்து வர்றாரா?"

"யாருன்னு சொல்லக் கூடாது. ரகசியம்."

"கையில சின்னப் பெட்டி. உள்ள காலி பாட்டிலுங்க. வர்ற தண்ணிய அதுல புடிச்சுட்டுப் போவாரு. சரியா?"

ஷிமே மீசையைத் தடவினார். "நான் சொல்லல. நீங்களா கண்டுபிடிச்சீங்க."

"அவர் வர்றத ஊர்ல யார்கிட்ட சொன்னீங்க?"

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லல!" ஷிமே நெஞ்சில் கை வைத்தார். "ஃபோன் வந்துச்சு, பேக்கா வேணும்னாரு, வச்சுட்டேன். ஓர்சோலாகிட்ட உருளைக்கிழங்கு கேட்டேன், அவ்வளவுதான்."

"கிழங்கு எதுக்குன்னு அவங்க கேட்டாங்களா?"

"ஓர்சோலா எதுக்குக் கேக்கணும்? செவப்புக் கிழங்கு, நல்ல பெருசா, ஒரு கூடைன்னா பேக்காதான். டூரிஸ்ட் எல்லாம் போனப்புறம் பேக்கான்னா அது யாருக்குன்னு கழுதைக்குக் கூடத் தெரியும்."

"விங்காகிட்ட?"

"ஐயையோ!" ஷிமே உண்மையாகவே அதிர்ந்துபோனார். "அது சட்டப்படி தப்பு அம்மணி. திடீர் சோதனை ஆச்சே. அவகிட்ட மட்டும் யாரும் மூச்சு விட மாட்டோம்."

யெர்கா எழுந்தாள். பாஷ்கோ இரண்டு மத்தியைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"ஓர்சோலான்னா யாரு பாஸ்?"

"விங்காவோட மாமியார்."

பாஷ்கோ நின்றான். அவன் முகத்தில் ஒரு ஆழ்ந்த நிம்மதி பரவியது.

"மாமியார்! அப்ப கேஸ் முடிஞ்சுது. இதுக்கா கப்பல்ல வந்தோம்?"

*

கேஸ் முடிந்த நிம்மதி யெர்காவுக்கு வரவில்லை. வேலை கொடுத்தவளிடம் போய், உன் பிழைப்பைக் கெடுத்தது உன் புருஷனைப் பெற்றவள் என்று எப்படிச் சொல்வது? புருஷன் சரக்குக் கப்பலில் எங்கோ இருக்கிறான். இந்த ஊரில் விங்காவுக்கு இருக்கும் ஒரே உறவு அந்த அம்மாள்தான். அதோடு, வயதான ஒரு பெண் பீப்பாவை எப்படித் தூக்கினாள்?

கீழ்த் தெருவுக்குள் திரும்பியதும் யெர்காவின் நடை தளர்ந்தது.

வாசற்படிகள் எல்லாம் ஈரமாக இருந்தன. சுவர் மேல் மிதியடிகள் காய்ந்தன. வலது பக்கத்து வீட்டில் ஒருத்தி தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்து வீட்டிலும் தேய்க்கும் சத்தம். தெரு முழுக்க ஒரு வாசனை. பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவின் வாசனை.

"திருவிழாவா?" என்றான் பாஷ்கோ.

"கடைக்காரம்மா என்ன சொன்னாங்க? ஆளுக்கு எத்தனை பாட்டில்?"

"ரெண்டு." அவன் தெருவைப் பார்த்தான். மேலே ஏறிப்போகும் அடுத்த தெருவையும் பார்த்தான். வாய் தானாக எண்ணத் தொடங்கியது, பாதியில் விட்டுவிட்டான். "பாஸ். பீப்பா."

"ம்."

"நாம நடந்துட்டு இருக்கறதே பீப்பாவுக்குள்ளதான்."

ஓர்சோலாவின் வீடு தெருக்கோடியில். கதவு திறந்தே கிடந்தது. சமையலறையில் ஒரு அம்மாள் முழங்காலிட்டுக் கழுவு தொட்டியின் வடிகுழாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாட்டில். மூடி இன்னும் திறக்கவில்லை.

"வாங்க, வாங்க. தரை ஈரம், பாத்து வாங்க," என்றாள், யார் என்றுகூடக் கேட்காமல். "தம்பி, சும்மாதானே நிக்கிற? இந்தா இன்னொரு பாட்டில். குளியலறை வடிகுழாய்ல ஊத்திட்டு வா. மிச்சம் வைக்காத."

பாஷ்கோ பாட்டிலை வாங்கிக்கொண்டு யெர்காவைப் பார்த்தான். யெர்கா லேசாகத் தலையசைத்தாள். அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றான்.

"நாளைக்கு ஆபீசர் வர்றாருன்னா?" என்றாள் யெர்கா.

"பின்ன? நம்ம வீட்டுத் தண்ணியக் கண்ணாடி பாட்டில்ல புடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, ஸ்ப்ளிட்டுக்கே எடுத்துட்டுப் போறாராம். ஊரான் பாக்கற தண்ணிய அழுக்காவா அனுப்புவோம்? என் மருமக தலை குனிய மாட்டாளா?" ஓர்சோலா குரலைத் தாழ்த்தினாள். "மொத தடவை எங்க தெரு மட்டும்தான் ஊத்துச்சு. ஃபெயில்னாங்க. பத்தலைன்னு மேல் தெருவுக்கும் சொன்னேன். அப்பவும் ஃபெயில். போன தடவை பாதிரியார் வீட்லயும் ஊத்தினாங்க. என்ன பண்ணியும் அந்த மனுஷனுக்குத் திருப்தி இல்ல."

"விங்காவுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? செஞ்ச வேலைய மருமககிட்ட சொல்லிக் காட்டற மாமியார் நான் இல்ல, கண்ணு."

யெர்கா அந்த அம்மாளின் கைகளைப் பார்த்தாள். மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. இந்தத் தொழிலில் குற்றவாளிகளிடம் பேசும் விதம் ஒன்று உண்டு. அது இப்போது உதவாது. வேறு விதம் அவளுக்குத் தெரியாது.

"பாஷ்கோ, விங்காவைக் கூட்டிட்டு வா," என்றாள்.

அவன் பாட்டிலோடேயே ஓடினான்.

*

விங்கா வாசலில் வந்து நின்றாள். வழி முழுக்க பாஷ்கோ சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எதையும் கேட்கவில்லை. கழுவு தொட்டியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"மூணு தடவை அழுதேன் அத்தை," என்றாள். "மூணு தடவையும் நீங்கதான் சூப் வச்சுக் கொடுத்தீங்க."

"அழுதா சூப் வைக்காம?"

"நீங்க ஊத்தினதாலதான் ஃபெயில் ஆச்சு."

"நானா? ஊரே ஊத்துச்சு!" ஓர்சோலா எழுந்துவிட்டாள். "சுத்தம் பண்ணினா ஃபெயிலா? எந்த ஊரு படிப்பு இது? உனக்காக முட்டி தேய உக்காந்து..."

"அழுக்குதான் வேணும் அத்தை எனக்கு!" விங்காவின் குரல் தெரு வரை போனது. எதிர் வீட்டில் தேய்க்கும் சத்தம் நின்றது. "தொட்டியில இருக்கறதுங்க அழுக்கைத்தான் சாப்பிடும். அதை நம்பித்தான் உயிரோட இருக்குதுங்க. நீங்க சோத்துல விஷத்தைக் கலந்து அனுப்புறீங்க. மறுநாள் அவர் வந்து பாக்கறப்ப எல்லாம் செத்துக் கெடக்குது."

"எது சாப்பிடுது?"

"உயிர் அத்தை. கண்ணுக்குத் தெரியாது. உள்ள இருக்கு."

ஓர்சோலா பாட்டிலைப் பார்த்தாள். அதைக் கழுவு தொட்டியின் விளிம்பில் மெதுவாக வைத்தாள்.

"உள்ள ஆள் இருக்குன்னு என்கிட்ட யாருமே சொல்லலையே," என்றாள்.

விங்கா வாசற்படியின் ஈரத்திலேயே உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று யெர்கா நினைத்தாள். அவள் அழவில்லை. மாமியாரின் கையைப் பிடித்து உரிந்த விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"அது கெடக்கு. எத்தனை வீட்ல ஊத்தியிருப்பாங்க இதுக்குள்ள?"

"எட்டு, பத்து வீடுன்னா தாங்கும். அதுக்கு மேல போனா நாளைக்கும் பொணம்தான்."

ஓர்சோலா இடுப்பில் கட்டியிருந்த துணியை உதறிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அவள் குரல் எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் யெர்காவுக்குத் தெரிந்தது. ஜூரேவின் லாரி அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

"ஏய், நிறுத்துங்கடி! எல்லாரும் மூடியைப் போடுங்க! ஊத்தறவ வீட்டுக்கு நான் சாவுக்குக் கூட வர மாட்டேன்! ஆபீசர் போற வரைக்கும் ஒருத்தி குழாயத் தொடக் கூடாது!"

"அத்தை, சாதாரணமா புழங்கலாம், தண்ணி வரலைன்னாலும் அதுங்களுக்குக் கஷ்டம்தான்..." விங்கா பின்னாலேயே ஓடினாள்.

"தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது!"

பாஷ்கோ இன்னும் பாட்டிலை அணைத்தபடியே நின்றான். "பாஸ், இது சாட்சியமா, இல்ல நாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

*

மறுநாள் ஆபீசர் ஸெலிச் கப்பலிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். நாலு பேர் சாப்பாடு எந்தப் பக்கம் போகிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

தொட்டி பழுப்பாகவே இருந்தது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். அவர் நாணல் பாத்தியிலிருந்து வெளிவரும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கருவியை விட்டு அளந்தார். மறுபடி அளந்தார்.

"தேறிடுச்சு," என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல. "ஆனா போன மூணு தடவை நடந்தது குற்றம். கொட்டினவன் பேர் இல்லாம நான் ஃபைலை மூட முடியாது. பேர் இல்லைன்னா இந்தம்மா பேர்தான்."

"சாப்பிட்டுட்டே பேசலாமே," என்றாள் யெர்கா.

ஷிமே தணலை ஒதுக்கி இரும்பு மூடியைத் தூக்கினார். ஆவி அடங்கும் வரை மேசையில் யாரும் வேறெங்கும் பார்க்கவில்லை. ஸெலிச் துண்டைக் கழுத்தில் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பாதி ஆக்டோபஸ் காணாமல் போன பிறகுதான் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க. யாரு?"

"நாற்பது வீடு. ஆளுக்கு ரெண்டு பாட்டில். நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்கு ஊத்தினாங்க."

"மரியாதையா? நாற்பது வீட்டு மேலயும் வழக்கு போடுவேன்."

பக்கத்து மேசையில் விங்காவின் அருகே கிழங்குக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர்சோலா அசையவில்லை. விங்காவின் கை மட்டும் மேசைக்கடியில் மாமியார் பக்கம் நகர்ந்ததை யெர்கா கவனித்தாள். தான் இப்போது சொல்லப்போவது சரியா என்று யோசித்தாள். சரியில்லை என்றே தோன்றியது. சொன்னாள்.

"போடுங்க சார். ஆனா அறிக்கையில முதல் பேரா இன்னொருத்தர் வரணும். திடீர் சோதனைத் தேதியை முந்தின நாளே ஊருக்குத் தெரியப்படுத்தினவர். அவர் சொல்லலைன்னா எதுவுமே நடந்திருக்காது. நாலு தடவையும் அவர்தான்."

ஸெலிச் கத்தியைக் கீழே வைத்தார். "அரசாங்க ரகசியத்தை வெளியே விட்டானா? யாரு அந்த அயோக்கியன்?"

ஷிமே வாணலியோடு குனிந்தார்.

"இன்னும் நாலு கிழங்கு வைக்கட்டுமா சார்? ரொட்டியும் எப்பவும் போலதானே?"

ஸெலிச் ஷிமேயைப் பார்த்தார். கிழங்கைப் பார்த்தார். யெர்காவைப் பார்த்தார். அவர் காது மடல் மெல்லச் சிவந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லலையே," என்றார்.

"ஷிமேயும் யார்கிட்டயும் சொல்லல சார். உருளைக்கிழங்குதான் கேட்டாரு."

பாஷ்கோ மிகுந்த மரியாதையோடு உப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ஸெலிச் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தன் பெட்டியைத் திறந்தார். பேனாவை எடுத்து, எழுதியபடியே சத்தமாகச் சொன்னார். "காரணம்: தற்காலிகமானது. இயக்குபவர் மீது தவறு இல்லை. கோளாறு நீக்கப்பட்டது." கையெழுத்துப் போட்டுத் தாளை விங்காவிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்க ஓர்சோலாவிடம் கொடுத்தாள்.

சாயங்காலக் கப்பலில் அவர் ஏறினார். வழியனுப்ப ஊரே துறைமுகத்தில் கூடியிருந்தது. குளிக்காத ஊர், தலை வாராத ஊர். ஒருவரும் கை தட்டவில்லை. அவரவர் வீட்டுச் சமையலறையில் முந்தின நாள் மதியத்திலிருந்து குவிந்து கிடக்கும் பாத்திரத்தை நினைத்துக்கொண்டு கப்பலையே பார்த்தார்கள். கப்பல் முனையைத் திரும்பி மறைந்ததும் கூட்டம் கலைந்தது. கலைந்த வேகத்தைப் பார்த்து பாஷ்கோவே வழிவிட்டு ஒதுங்கினான்.

விங்கா யெர்காவின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தாள். நன்றி என்றுதான் இருக்க வேண்டும். அதற்குள் மேல் தெருவில் ஒரு குழாய் திறந்தது. அப்புறம் கீழ்த் தெருவில். அப்புறம் எல்லா வீட்டிலும், நாற்பது வீட்டிலும் ஒன்றாக. காலடியில், கல்லுக்குக் கீழே ஓடும் குழாய் உறுமத் தொடங்கியது.

"ஐயோ, அத்தனையும் ஒரே நேரத்துலயா! தொட்டி தாங்காதே!" என்றாள் விங்கா.

கையுறையை மாட்டிக்கொண்டே மேடேறி ஓடினாள். அவளுக்குப் பின்னால், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை முதல் முறையாகப் பார்க்க ஓர்சோலாவும் ஓடினாள்.